தினமும் பையில் வைக்கும் மடக்குக் கத்தி எவ்வளவு எடை இருந்தால் வசதி?

பேன்ட் பையில் போடுவதென்றால் 100 கிராமுக்குள் பாருங்கள்; எனக்கு 60–90தான் சுகம். விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் என்ற சுவிஸ் மடக்குக் கத்தி சுமார் 60 கிராம். மரப்பிடி போட்ட ஒபினெல் 8-ஆம் எண் அதைவிடக் குறைவு. பையில் இருப்பதே தெரியாது. பிடியில் பித்தளை முனைகள் கொண்ட பக் 110 என்ற கத்தி சுமார் 200 கிராம். அதைப் பையில் போட்டால் நடக்கும்போது தொடையில் இடிக்கும், பையும் தொங்கும். அதற்கென்று பெல்ட்டில் மாட்டும் தோலுறை இருப்பது சும்மா இல்லை.

சரி, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது? திறந்த கத்தியின் பிடியைச் சுட்டுவிரல்மேல் நிறுத்திப் பாருங்கள். பிடியின் முன்பகுதியிலேயே சமநிலை வந்தால் கனமான கத்திகூட லேசாகத் தோன்றும். ரொம்ப மெலிந்த பிடியும் தொல்லைதான். நாலு அட்டைப்பெட்டி அறுத்தால் உள்ளங்கை வலிக்கும்.

வாங்குமுன் அதே எடைக்கு ஒரு சாவிக்கொத்தைப் பையில் போட்டு ஒருநாள் திரிந்து பாருங்கள்.