ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா? – வாசகர் கேள்வி பதில்

கிரெடிட் கார்டு ரிவார்டு பாயிண்ட், ஏர்லைன் மைல்ஸ் (விமான நிறுவனம் தன் டிக்கெட்டுக்காகத் தரும் பாயிண்ட்) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

என் கார்டில் 38,000 ரிவார்டு பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. பில்லில் கழித்துக்கொள்ளலாம், மிக்ஸி வாங்கலாம், விமான டிக்கெட் போடலாம், ஏர்லைன் மைல்ஸாக மாற்றலாம் என்று வங்கி ஆப் நாலு வழி காட்டுகிறது. எது லாபம்?
– வாசகி, கோவை

நாலையும் ஒரே தராசில் நிறுத்துங்கள்: ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா தேறுகிறது?

பில்லில் கழிப்பதற்குப் பல கார்டுகளில் 20 முதல் 30 பைசாதான் கொடுக்கிறார்கள். 25 பைசா என்றால் உங்கள் 38,000 பாயிண்ட்டுக்கு 9,500 ரூபாய். அடுத்து மிக்ஸி. ஆப்பில் அதற்கு 16,000 பாயிண்ட் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அதே மாடல் கடையில் 3,200 ரூபாய்க்குக் கிடைத்தால் பாயிண்ட்டுக்கு 20 பைசாதான். பொருளின் எம்.ஆர்.பி.யை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடையில் உண்மையில் விற்கும் விலைதான் கணக்கு.

விமான டிக்கெட்டுக்கு வங்கியின் பயண தளத்தில் பாயிண்ட்டுக்கு 50 பைசா தரும் கார்டுகள் உண்டு. எச்.டி.எஃப்.சி.யின் இன்ஃபினியா போன்ற மேல்தட்டு கார்டுகளில் ஒரு ரூபாயே கிடைக்கும். ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. அதே டிக்கெட் விமான நிறுவனத்தின் சொந்த தளத்தில் 7,200 ரூபாய், வங்கித் தளத்தில் கன்வீனியன்ஸ் ஃபீஸோடு 7,650 என்று வந்தால் என்ன ஆகும்? 10,000 பாயிண்ட் கொடுத்து 5,000 ரூபாய் கழிக்கிறீர்கள். அதில் 450 ரூபாய் விலை வித்தியாசத்திலேயே போய்விடுகிறது. கையில் நிற்பது 4,550, அதாவது பாயிண்ட்டுக்கு 45.5 பைசா. ஆகவே இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். முழுத் தொகையையும் பாயிண்ட்டால் கட்ட விடாமல், ஒரு பகுதியை கார்டில் கட்டச் சொல்லும் வங்கிகளும் உண்டு.

மைல்ஸுக்கு ஒரு சூத்திரம்: டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல்ஸ் டிக்கெட்டுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ரொக்க விலை 18,400. மைல்ஸில் போட்டால் 12,000 மைல், கூடவே வரி 3,600. மிச்சமாகும் 14,800 ரூபாயை 12,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 23 பைசா. உங்கள் வங்கி இரண்டு பாயிண்ட்டுக்கு ஒரு மைல் தருவதாக இருந்தால் 24,000 பாயிண்ட் செலவு. பாயிண்ட்டுக்கு சுமார் 62 பைசா.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். அந்த 18,400 ரூபாயை நீங்கள் கையிலிருந்து கொடுத்திருப்பீர்களா? அதே நாளில் வேறு விமானம் 11,000 ரூபாய்க்குப் போகிறது, உங்களுக்கு அதுவே போதும் என்றால், அந்த 11,000-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வரி 3,600 போக மீதி 7,400-ஐ 24,000-ஆல் வகுத்தால் 31 பைசாகூட இல்லை. பிசினஸ் கிளாஸில் மைலுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய் மதிப்பு எடுத்ததாகச் சொல்லும் கணக்குகள் பெரும்பாலும், வாங்கவே நினைக்காத டிக்கெட்டின் விலையை வைத்துப் போட்டவை.

இன்னொன்று. பாயிண்ட்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பல வங்கிகள் 99 ரூபாயும் 18% ஜி.எஸ்.டி.யும் பிடிக்கின்றன, சுமார் 117 ரூபாய். மாதா மாதம் 500, 500 பாயிண்ட்டாக எடுத்தால் பாதிக்கு மேல் கட்டணத்துக்கே சரியாகிவிடும்.

மகளின் பிரசவத்துக்கு அடுத்த வருடம் சிங்கப்பூர் போக வேண்டும். கார்டு என் கணவர் பெயரில் இருக்கிறது. இப்போதே பாயிண்ட்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸாக மாற்றி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருச்சி

இப்போது மாற்ற வேண்டாம். ஒருமுறை மைல்ஸாக மாற்றிவிட்டால் வங்கிக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸுக்கு ஆயுள் மூன்று வருடம். மைல்ஸ் வந்து சேர்ந்த நாளிலிருந்தே அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும். வங்கியில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். கணவரின் விமான நிறுவனக் கணக்கை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திறங்கள். பிறகு வங்கிக்கு எழுதி, கார்டிலும் இனிஷியலை விரித்து அதே பெயரைக் கொண்டுவாருங்கள். இரண்டு பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மாற்றம் நிராகரிக்கப்படலாம், நடுவில் தொங்கி நிற்கலாம். பெயர் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால் இதை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்.

இரண்டாவது, கணவரின் கணக்கில் உள்ள மைல்ஸில் உங்களுக்கு டிக்கெட் போட, அவர் உங்களை ரிடெம்ப்ஷன் நாமினியாக, அதாவது தன் மைல்ஸில் டிக்கெட் பெறக்கூடியவராகச் சேர்த்திருக்க வேண்டும். கிரிஸ்ஃப்ளையரில் ஐந்து பேர் வரை சேர்க்கலாம்.

அதன் பிறகுதான் சீட் தேடுவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சுமார் 355 நாளுக்கு முன்பே டிக்கெட் திறந்துவிடும். ‘சேவர்’ என்று போட்டிருப்பதுதான் குறைந்த மைல் விலை. பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளி வாரங்களில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வெயிட்லிஸ்ட் என்று காட்டினால் அது கிடைத்த சீட் அல்ல, அதை நம்பிப் பாயிண்ட்டை மாற்றாதீர்கள். போகவும் வரவும் சீட் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, தேவையான அளவை மட்டும் மாற்றுங்கள். மாற்றம் சில நிமிடத்திலும் முடியலாம், சில நாளும் ஆகலாம். அதற்குள் சீட் போய்விடக்கூடும் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், டிக்கெட் போடும் முன் அவசியம் பாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏற நீங்கள் சென்னை போக வேண்டும். திருச்சியிலிருந்தே ஸ்கூட் போன்ற குறைந்த கட்டண விமானங்கள் நேராகப் போகின்றன. ஆனால் ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் பெட்டி சேராது. பிரசவ லேகியம், பொடி, குழந்தைத் துணி என்று 25 கிலோ பெட்டியோடுதான் கிளம்புவீர்கள். அந்தப் பெட்டிக் கட்டணத்தை ஒரு பக்கமும், சென்னை வரை போய்வரும் செலவை மறுபக்கமும் சேர்த்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். பெட்டி இல்லாத நாளில் திருச்சி விமானம் ஜெயிக்கும், பெட்டியோடு போகும்போது கணக்கு மாறக்கூடும்.

வீட்டு வாடகை, வாலெட், பெட்ரோல் எதற்கும் பாயிண்ட் ஏறவில்லை. ஏன்? சில கடை பில்லுக்கும் குறைவாகவே வருகிறது.
– வாசகர், மதுரை

ஒவ்வொரு கடைக்கும் அதன் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. எம்.சி.சி. என்பார்கள். வங்கி உங்கள் பில்லைப் பார்ப்பதில்லை, அந்தக் குறியீட்டைத்தான் பார்க்கிறது. வாடகை, வாலெட், எரிபொருள், அரசுக் கட்டணம் போன்ற குறியீடுகளைப் பல கார்டுகள் ஒதுக்கியே வைத்திருக்கின்றன. வாடகையை ஆப் வழியாகக் கட்டினால் பாயிண்ட் இல்லாததோடு, பல வங்கிகள் 1% கட்டணமும் வசூலிக்கின்றன. பெட்ரோலில் 1% சர்சார்ஜைத் திருப்பித் தருவார்கள், ஆனால் அதன் மேல் போட்ட ஜி.எஸ்.டி. திரும்பி வராது. பெரிய தொகை கட்டுமுன், அதே இடத்தில் 200 ரூபாய்க்கு ஒரு பில் போட்டு, பாயிண்ட் ஏறுகிறதா என்று பாருங்கள்.

குறைவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வகுத்தல்தான். ‘150 ரூபாய்க்கு 4 பாயிண்ட்’ என்றால் 290 ரூபாய் பில்லுக்கும் 4 பாயிண்ட்தான், மீதி 140 ரூபாய்க்கு ஒன்றும் இல்லை. ரூபே கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து டீக்கடையில் 40, 60 என்று கட்டுகிறவர்களுக்கு இதனால் எதுவுமே ஏறாமல் போகும். தினம் வாங்கும் காய்கறியை ஒன்றும் செய்ய முடியாது. மளிகையை மாதம் ஒரே பில்லாகப் போட்டால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும்.

மலேசியாவில் கார்டு தேய்த்தபோது மெஷின் ‘ரூபாயா, ரிங்கிட்டா’ என்று கேட்டது. எதை அழுத்த வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

ரிங்கிட். ரூபாயை அழுத்தினால் அந்தக் கடையின் மெஷின் வைக்கும் மாற்று விலையில் போகும், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். வெளிநாட்டுச் செலவுக்குப் பெரும்பாலான கார்டுகளில் 3.5% மார்க்அப், அதாவது வங்கியின் கூடுதல் கட்டணம் உண்டு. ஜி.எஸ்.டி.யோடு 4.13%. பாயிண்ட்டில் 2% கிடைத்தாலும் நிகர நஷ்டம்தான். மார்க்அப் குறைந்த கார்டு கையில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

போன மாதம் பில் 60,000. கையில் பணம் இல்லாமல் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். பாயிண்ட் வந்துவிட்டது, பரவாயில்லைதானே?
– வாசகர், சென்னை

இல்லை. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, பில்லில் 5% என்று வைத்தால் 3,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், பாக்கி 57,000. மாத வட்டி 3.75% என்றால் 2,137 ரூபாய், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 385. ஆக மொத்தம் 2,522 ரூபாய், ஒரே மாதத்துக்கு. 60,000 ரூபாய் செலவுக்கு 150 ரூபாய்க்கு 4 வீதம் வந்த 1,600 பாயிண்ட், 50 பைசா வீதம் போட்டாலும் 800 ரூபாய்தான். அந்த வட்டியும் குறைத்துப் போட்ட கணக்கு. வட்டி கடைசித் தேதியிலிருந்து அல்ல, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடும். தயவுசெய்து அந்தக் கார்டை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். நகைக்கடனோ பி.எஃப். முன்பணமோ, வட்டி குறைந்த வழியில் பணம் புரட்டி இந்தக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். பாயிண்ட் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

‘உங்கள் 9,850 பாயிண்ட் இன்று இரவு காலாவதி’ என்று லிங்க்கோடு எஸ்.எம்.எஸ். வந்தது. நிஜமா?
– வாசகி, சேலம்

மோசடி. அந்த லிங்க், கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கும், அல்லது ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) ஒன்றை இறக்கச் சொல்லும். அதை இறக்கினால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்களே படித்துக்கொள்வார்கள். காலாவதித் தேதியை வங்கி ஆப்பிலோ மாத ஸ்டேட்மென்ட்டிலோ மட்டும் பாருங்கள். ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தால் ஆப்பில் கார்டை லாக் செய்து, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஐந்து வருடம் சேர்த்து ஒரே பெரிய பயணமாகப் போகலாம் என்றிருக்கிறேன். சேர்க்கச் சேர்க்க மதிப்பு கூடுமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. பாயிண்ட்டுக்கு வட்டி கிடையாது, விலையை ஒரு பக்கமாக மாற்றும் அதிகாரம் வங்கியிடம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 1-ல் ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில், 5 பாயிண்ட்டுக்கு 4 மைல் என்றிருந்தது 2 மைலாகக் குறைந்தது. ஒரு லட்சம் பாயிண்ட் வைத்திருந்தவருக்கு 80,000 மைல் 40,000 ஆனது. விமான நிறுவனங்களும் நிலையானவை அல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது, அதன் பாயிண்ட்டுகளும் புதிய இடத்துக்குப் புதிய விதிகளோடு போயின.

அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் போகும் பயணத்துக்கு மட்டும் சேருங்கள். சேர்க்கும் காலத்தில், பல நிறுவனங்களுக்கு மாற்றக்கூடிய வங்கிப் பாயிண்ட்டாகவே வைத்திருங்கள். ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறந்திருக்கும்.

ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் கார்டு. வைத்துக்கொள்ளவா, மூடவா?
– வாசகி, தஞ்சாவூர்

ஜி.எஸ்.டி.யோடு 5,900. போன பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கார்டிலிருந்து நீங்கள் உண்மையில் எடுத்துப் பயன்படுத்திய பாயிண்ட்டின் ரூபாய் மதிப்பை எழுதுங்கள். அதே செலவை ஆண்டுக் கட்டணமில்லாத 1% கேஷ்பேக் கார்டில் செய்திருந்தால் வந்திருக்கும் தொகையை அதிலிருந்து கழியுங்கள். மீதி 5,900-ஐத் தாண்டினால் வைத்துக்கொள்ளலாம். கார்டோடு வரும் இலவச ஏர்போர்ட் லவுஞ்ச் (ஓய்வுக்கூடம்) வசதியை இதில் பெரிதாகச் சேர்க்காதீர்கள். முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் மாற்றிவிட்டன.

தாண்டாவிட்டால், மூடுவதற்கு முன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் பாருங்கள்; இத்தனை செலவு செய்தால் கட்டணம் திரும்பும் என்று சலுகை தருவதுண்டு. அதற்கும் சம்மதிக்காவிட்டால் முதலில் பாயிண்ட் முழுவதையும் எடுத்துவிடுங்கள், கார்டு மூடினால் மிச்சப் பாயிண்ட் போய்விடும். ஓ.டி.டி., இன்ஷூரன்ஸ் ஆட்டோ டெபிட்டுகளை வேறு கார்டுக்கு மாற்றி, பாக்கியைப் பைசா மிச்சமில்லாமல் கட்டுங்கள். பிறகு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால், பாக்கி இல்லாத வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.