கடல் சூடானால் மீன் இடம் மாறுமா, சிறுத்துப் போகுமா?

"கடல் சூடாவதால் மீன்கள் வேறு பக்கம் போகின்றன, முன்புபோல் வளர்வதும் இல்லை என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நடக்கிறது. ஆனால் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும். தீனி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மீன் போகும்.

எங்கள் கடலூர்க் கரைக்குத் தெரிந்த மத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கூடை கூடையாக விற்கும் இந்த மீன், 1980-களுக்கு முன் கிழக்குக் கரையில் பேருக்குத்தான் கிடைத்தது. அது கேரள, கர்நாடகக் கடலின் சொத்து. மேல்நீர் சூடேறியதில் அதன் எல்லை இந்தப் பக்கமும் விரிந்தது என்று கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் விளக்குகிறார்கள்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும், மத்தி அதைத் தின்று கொழுக்கும். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிப் பருவநிலையைப் புரட்டும் எல் நினோ மாதிரி ஆண்டுகளில் இந்தக் கணக்கு குலைந்துவிடும். 2012-ல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது, 2021-ல் சுமார் 3,300 டன்தான். குஞ்சு மீனை வலைபோட்டு வாரியதற்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்!

நம் வங்கக் கடலில் இன்னொரு சிக்கல். பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே மூடிபோல் படிந்துவிடும். கீழே கிடக்கும் சத்து எளிதில் மேலே வராது.

சரி, வளர்ச்சிக்கு வருவோம். நீர் சூடாக ஆகக் கடலில் பிராணவாயு குறையும், மீனின் உடம்புக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும். தின்றதில் பெரும்பகுதி உயிரைத் தாங்கவே செலவானால் உடம்பு எப்படி வைக்கும்? ஆனால் 2024-ல் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். மழை நன்றாக அமைந்து, குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. கூட்டம் பெருத்துத் தீனி பத்தாமல் மத்தி சிறுத்தே நின்றது.

அதனால் சந்தையில் சின்ன கானாங்கெளுத்தியைப் பார்த்ததும் முடிவுகட்ட வேண்டாம். முட்டையிடும் பருவமாக இருந்தால் வயிற்றைக் கீறிப் பாருங்கள். சினையோ, ஆண் மீனென்றால் வெள்ளை விந்துப்பையோ இருந்தால் அது வளர்ந்த மீன், உருவம்தான் சிறுத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் வளரவிடாமல் பிடித்த குஞ்சு. அப்புறம் கேட்க வேண்டியது கடலை அல்ல, வலையின் கண் அளவைத்தான்.