இரண்டு குந்தவைகள்

கேள்வி: ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை வந்தியத்தேவரை மணந்தவர் என்று படித்திருக்கிறேன். இன்னொரு இடத்தில், குந்தவை வேங்கி நாட்டு அரசனை மணந்தார் என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். குந்தவை என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். வந்தியத்தேவரை மணந்தவர் ராஜராஜனின் அக்கா. வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தவர் ராஜராஜனின் மகள். அக்காவின் பெயரையே மகளுக்கும் வைத்திருக்கிறான். நானும் வம்சாவளி எழுதத் தொடங்கிய புதிதில் இவர்களை ஒரே ஆளாக்கி ஒரே கட்டத்துக்குள் எழுதிவிட்டேன். தப்பு புரிய மாதக்கணக்கில் ஆனது. அந்த நோட்டுப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அரச குடும்பங்களில் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தானே! முதலாம் பராந்தகனின் பேரன் சுந்தர சோழனுக்கும் பராந்தகன் என்றே பெயர். அப்புறம் பட்டப்பெயர்கள். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு' (பரகேசரி வர்மனின் ஆட்சியாண்டு) என்று மட்டும் சொல்லி நிற்கும் கல்வெட்டு கிடைத்தால், எந்தப் பரகேசரி என்று எழுத்தின் வடிவத்தையும் உடன் வரும் ஆட்களின் பெயரையும் வைத்துத்தான் தேட வேண்டும். முன்னால் 'மதிரை கொண்ட', அதாவது மதுரையை வென்ற, என்று இருந்தால் நிம்மதி. அது முதலாம் பராந்தகன். இறந்த விதத்தையோ இடத்தையோ சொல்லிக் குறிப்பதும் உண்டு. 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றால் சுந்தர சோழன். ஆனால் 'ஆனைமேல் துஞ்சின' என்பதிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: 949-ல் தக்கோலப் போரில் விழுந்த ராஜாதித்தன், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துக் கொப்பம் போரில் விழுந்த ராஜாதிராஜன். அதனால் பெயரை மட்டும் நம்பிக் கோடு போடாதீர்கள். யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செப்பேடுகளிலேயே முழு வம்சாவளியும் இருக்கிறதே. அதை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள். அதன் வடமொழிப் பகுதி சூரியனில் தொடங்கி, மனு, இட்சுவாகு என்று இறங்கி, கரிகாலனையும் கோச்செங்கணானையும் தொட்டுவிட்டு, பிற்காலச் சோழர் ஆட்சியைத் தொடங்கிவைத்த விஜயாலயனுக்கு வருகிறது. விஜயாலயன் வரைக்கும் நான் பென்சிலில்தான் எழுதுவேன். 9-ஆம் நூற்றாண்டில் அவனிடம் வந்த பிறகுதான் பேனாவை எடுப்பேன். அன்பில் செப்பேடு, லெய்டன் செப்பேடு, கன்னியாகுமரிக் கல்வெட்டு எல்லாம் அவனுக்குப் பிந்திய வரிசையை ஒன்றுக்கொன்று ஒத்துச் சொல்கின்றன. மேலே உள்ள புராணப் பெயர்களில் அந்த ஒற்றுமை கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்பேட்டில் அப்பா, மகன், அவன் மகன் என்று ஆண்கள் வரிசைதான் பெரிதாக ஓடும். குடும்பத்தைப் பார்க்க வேண்டுமானால் கோயில் சுவருக்கு வர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் வாயாலேயே சொல்வதுபோல, 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று வெட்டியிருக்கிறது. தனக்கு அடுத்தபடியாக அக்காவை வைக்கிறான், மனைவியர் அதற்கு அப்புறம்தான். எத்தனை தடவை படித்தாலும் 'அக்கன்' என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். செம்பியன் மாதேவியாரின் கல்வெட்டுகளில் 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த' என்று வரும். தாயையும் மகனையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டிவிடும் தொடர் அது.

பெண்களை விட்டுவிட்டு எழுதினால் 1070-ல் உங்கள் சோழ மரம் முறிந்துவிடும். அந்த வருஷம் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், தந்தைவழியில் சாளுக்கியன். தாய்வழியைப் போட்டுப் பாருங்கள். ராஜராஜன் மகள் குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்தவன் ராஜராஜ நரேந்திரன். அவன் தன் மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் பிள்ளைதான் குலோத்துங்கன். பாட்டி சோழ இளவரசி, அம்மாவும் சோழ இளவரசி. நம் ஊர்க் கணக்கில் முறைப்பெண் கல்யாணம், அவ்வளவுதான்!

கேள்வி: ஏட்டில் இருக்கும் வம்சாவளியை அறிவியல் முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். 1918-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தின் எலும்புகள் என்று கருதப்பட்டவை 1991-ல் யெகாதெரின்பர்க் அருகே தோண்டி எடுக்கப்பட்டன. பேரரசி அலெக்ஸாண்ட்ராவை அடையாளம் காண, இங்கிலாந்து இளவரசர் பிலிப்பின் ரத்தத்தைச் சோதித்தார்கள். காரணம், மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். பிலிப்பின் அம்மா ஆலிஸ், ஆலிஸின் அம்மா விக்டோரியா, அந்த விக்டோரியாவின் தங்கை அலெக்ஸாண்ட்ரா. அம்மா, பாட்டி, பாட்டியின் தங்கை என்று நடுவில் ஓர் ஆண்கூட இல்லாத கோடு. எலும்பும் ரத்தமும் பொருந்தின. பிலிப்பின் மகன் சார்லஸிடம் ரத்தம் வாங்கியிருந்தால் இந்தச் சோதனைக்கு உதவியிருக்காது. அவரிடம் இருப்பது அவருடைய அம்மா எலிசபெத்தின் வழி.