சின்ன வெப் டிசைன் கம்பெனி நேர்மையாக நடந்து, சமூகத்துக்கும் கொடுத்து, லாபமும் பார்க்க முடியுமா?

முடியும். கோவையில் ஆறு பேரோடு ஒரு வெப் கம்பெனி நடத்துகிறேன். ஆனால் நாங்கள் செய்த முதல் தானமே ஒரு டிரஸ்டுக்குத் தலைவலியாகப் போனது.

பார்வையற்ற மாணவர்களுக்கு விடுதி நடத்துகிறவர்கள். இலவசமாகவே சைட் செய்து தருகிறோம் என்று பெருமையாகச் சொன்னோம். இலவச வேலைக்கு எங்கள் ஆபீசில் என்ன மரியாதை தெரியுமா? காசு கொடுக்கிறவர்கள் வேலையெல்லாம் முடிந்தபின், வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டுவது. அவன் டொமைனை, அதாவது சைட்டின் முகவரியை, தன் மெயில் ஐடியிலேயே பதிவு செய்தான். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டான். ரினியூவல் மெயில்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. டாட் காம் முகவரி காலாவதியானாலும் பெரும்பாலும் சில வாரம் அவகாசம் உண்டு; அது தாண்டி நீக்கப்பட்டாலும் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். இரண்டையும் கோட்டை விட்டோம். முகவரி வேறு யாரோ கைக்குப் போனது.

டிரஸ்ட் செயலாளர் போன் செய்தார். "தம்பி, அந்த முகவரியைப் போட்டுத்தான் நன்கொடை நோட்டீஸ் அடிச்சிருக்கோம். திறந்தா ஏதோ சூதாட்ட விளம்பரம் வருதாமே?" குரலில் கோபமே இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதே! இலவசமாகக் கொடுத்து, அவர் கோபப்படும் உரிமையையும் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தோம்.

நேரில் போனபோது இன்னொரு அடி. விடுதிக் கம்ப்யூட்டரில் என்விடிஏ இருக்கிறது. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் உருவாக்கியது. நாங்களோ அறிவிப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருந்தோம். "உங்க சைட்ல எல்லாமே 'கிராஃபிக்'னுதான் கேக்குது அண்ணா" என்றான் ஒரு மாணவன்.

அதன்பிறகு ஓசி வேலையை நிறுத்தினோம். இப்போது அந்த டிரஸ்டிடம் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிறோம், பில் போட்டு, ஒப்பந்தம் எழுதி. மாதம் பத்து மணி நேரம் இதுபோன்ற வேலைக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். டைம்ஷீட்டில் மற்ற வேலைகளோடு சேர்ந்தே ஏறும். பெரிய கம்பெனிகளுக்கு சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புச் சட்டம் இருக்கிறது. நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எங்களை யாரும் கேட்கப் போவதில்லை. வரிச்சலுகையும் பணமாகக் கொடுத்தால்தான், உழைப்புக்குக் கிடையாது.

லாபம்? கிளையண்ட் டொமைனைத் தன் பேரில் வைத்துக்கொண்டு பிடியை விடாமல் இருப்பது எங்கள் தொழிலில் சகஜம். இப்போது எல்லாமே கிளையண்ட் பேரில், பாஸ்வேர்டும் அவர்கள் கையில். சாவி கிடைத்ததும் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். ஒரு துணிக்கடைக்காரர் 'இப்போது 14 பேர் இதைப் பார்க்கிறார்கள்' என்று சும்மா ஓடும் எண் வேண்டும் என்றார். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் இப்படிப் பொய் அவசரம் காட்டுவதும் ஒன்று. சட்டத்தைக் காட்டி மறுத்தோம். முணுமுணுத்தார், ஆனால் போகவில்லை. மொத்தத்தில் சம்பளம் தேதி தவறாமல் போகிறது, அவ்வளவுதான்.

போன மாதம் டிரஸ்டின் அட்மிஷன் அறிவிப்பை ஏற்ற இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. செயலாளர் போன் செய்து நன்றாகத் திட்டினார்.