வரலாற்று மனிதரை மேடையேற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: வாழ்நாளில் சந்தித்தே இராத இரண்டு பேரை மேடையில் சந்திக்க வைத்தால் அது பொய்தானே சார்?

பதில்: பொய்தான், ஆனால் வேண்டிய பொய். ஸ்காட்லாந்து ராணி மேரி கிட்டத்தட்ட 19 வருடம் இங்கிலாந்தில் காவலில் கிடந்தார், 1587-ல் தலை போனது, அதுவரை இங்கிலாந்து ராணி எலிசபெத்தை நேரில் பார்த்ததே கிடையாது, எல்லாம் கடிதம்தான். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கடிதம் வாசித்தால் முன்வரிசையே தூங்கிவிடும். ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் தன் நாடகத்தில் இருவரையும் பூங்காவில் எதிரெதிரே நிறுத்திவிட்டார். மேரி முதலில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்; எலிசபெத் குத்திக்குத்திப் பேசப் பேசப் பொறுமை போய், முறைதவறிப் பிறந்தவள் சிம்மாசனத்தில் இருக்கிறாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். வாய்ச்சண்டையில் ஜெயித்தாயிற்று, இனி உயிர் தப்பாது. இத்தனை வருட அரசியலை ஒரே காட்சியில் கண்ணால் பார்க்க வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கேள்வி: வயதை மாற்றலாமா? என் நாடகத்தில் எதிரிக்கு நாயகனைவிட இருபது வயது அதிகம், இடிக்கிறது.

பதில்: தாராளமாக. 1403-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி போர் நடந்தபோது, கலகக்காரத் தளபதி ஹாட்ஸ்பருக்கு 39 வயது, ராஜா நான்காம் ஹென்றியின் மகன் இளவரசன் ஹாலுக்கு 16. ஹாட்ஸ்பர் ராஜாவைவிடவே மூத்தவர்! ஷேக்ஸ்பியர் இருவரையும் சம வயதுக்காரர்கள் ஆக்கிவிட்டார். அதனால்தான், தொட்டிலிலேயே ஏதாவது தேவதை ஹாலையும் ஹாட்ஸ்பரையும் மாற்றி வைத்திருக்கக் கூடாதா என்று நான்காம் ஹென்றி அங்கலாய்க்க முடிகிறது. வயதைக் குறைத்தால் உங்களுக்கும் இப்படி ஒரு காட்சி கிடைக்குமா பாருங்கள், கிடைக்காவிட்டால் தொடாதீர்கள்.

கேள்வி: அப்போ எல்லையே கிடையாதா?

பதில்: எனக்கு உண்டு. இசையமைப்பாளர் சாலியேரி இறந்தது 1825-ல். ஐந்தே வருடத்தில் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் ஒரு குறுநாடகம் எழுதி, இசைமேதை மோட்சார்ட்டுக்கு சாலியேரி பொறாமையில் விஷம் வைத்ததாகக் காட்டிவிட்டார். நிஜ சாலியேரி, மோட்சார்ட்டின் கடைசி மகனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். நாடகம் அருமைதான், மறுக்கவில்லை, ஆனால் அந்த மனிதரின் பெயரே பொறாமைக்கு உதாரணம் ஆகிவிட்டது. காலம், இடம், வயது எதையும் மாற்றுங்கள்; செய்யாத கொலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் பெயரை மாற்றிவிடுங்கள். இதை ஏற்காத நாடகக்காரர்கள் நிறைய, சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கேள்வி: என் ராஜா வாயைத் திறந்தாலே சொற்பொழிவு கொட்டுகிறது அண்ணா. என்ன செய்ய?

பதில்: பக்கத்தில் ஒரு சில்லறை ஆளைக் கற்பனையாகக் கொண்டு வாருங்கள். டெல்லி சுல்தான் துக்ளக்கைப் பற்றிய கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ நாடகத்தில் அஸீஸ் என்றொரு சலவைத் தொழிலாளி வருகிறான். சுல்தான் மேலேயே வழக்குப் போடலாம் என்று அறிவிப்பு வந்ததும் பிராமண வேஷம் போட்டு, வழக்கில் ஜெயித்து, உத்தியோகமும் வாங்கிவிடுகிறான். சுல்தானின் செம்பு நாணயம் வந்ததா, கள்ள நாணயம் அடிக்கக் கிளம்பிவிடுகிறான். சுல்தானின் நல்ல யோசனைகள் எங்கே ஓட்டையாகின்றன என்று யாரும் மேடையில் விளக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: எது நிஜம், எது கற்பனை என்று பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: நாடகத்துக்குள் வேண்டாம், வெளியே சொல்லிவிடுங்கள். 1798-ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது நிஜம். பள்ளிக்கூட மேடைகளில் பிள்ளைகள் மீசை ஒட்டிக்கொண்டு முழங்கும் அந்த வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. கட்டபொம்மன் பேசியதே அதுதான் என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர்! அழைப்பிதழின் பின்பக்கம் நாலு வரி போட்டால் போதும்.