டிஜிட்டலா, ஸ்க்ரீனா? துணி பிரிண்டிங் கேள்வி பதில்

திருப்பூரில் இந்தத் தொழிலுக்கு வந்து 26 வருசம் ஆச்சுங்க. ஸ்க்ரீன் (துணியில் கலரை இறக்கும் வலைச் சட்டம், ஒரு கலருக்கு ஒன்று) கழுவும் பையனாகச் சேர்ந்தேன், டேபிளில் ஸ்க்வீஜி (கலரைத் தள்ளும் ரப்பர் பட்டை) இழுத்தேன், கலர் மாஸ்டர் ஆனேன். இப்போது சொந்த யூனிட்: துணியை ரோலாக அடிக்கும் டிஜிட்டல் பெல்ட் மிஷின் ஒன்று, தைத்த பனியனில் அடிக்கும் டிடிஜி இரண்டு, மூலையில் பழைய கை டேபிள் இரண்டு. டேபிளை ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்காத ஆள் இல்லை. கீழே படித்தால் தெரியும். எந்தக் கம்பெனி மிஷின் நல்லது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் போடவில்லை. அது சண்டையில்தான் முடியும்.

கேள்வி (ஜாப் ஒர்க் யூனிட், அனுப்பர்பாளையம்): அண்ணே, நாலு டேபிள் ஓடுது. பெரும்பாலும் நெஞ்சு பிரிண்ட், ரெண்டு மூணு கலர், ஆர்டருக்கு 500 பீஸ். டேபிளை வித்துட்டு டிடிஜி வாங்கலாம்னு பையன் சொல்றான். சரியா?

பதில்: பையனிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்க. ஒரு ஸ்க்ரீன் போட 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கலருக்கு 1500. இங்க், கூலி எல்லாம் சேர்த்துப் பீஸுக்கு 8 ரூபாய். டிடிஜியில் ஸ்க்ரீன் செலவே கிடையாது. ஆனால் இங்க், ப்ரீட்ரீட்மென்ட் (அடிக்கும் முன் துணிக்குப் போடும் மருந்து), ஹெட் (இங்க் சொட்டும் தலை) தேய்மானம் என்று பீஸுக்கு 35 ரூபாய் வைப்போம். எல்லாம் கணக்குக்காகப் போட்ட எண்கள், உங்கள் ரேட்டை வைத்து மாற்றிக்கொள்ளுங்க.

500 பீஸுக்கு ஸ்க்ரீனில் ஒரு பீஸ் 11 ரூபாயில் முடிந்துவிடும். டிஜிட்டல் 35-லேயே நிற்கும். அதே டிசைன் 20 பீஸ் மட்டும் வேண்டும் என்றால் ஸ்க்ரீனில் பீஸுக்கு 83 ரூபாய் விழும், டிஜிட்டலில் அதே 35. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 55 பீஸ். டிசைனில் 12 கலர் இருந்தால் ஸ்க்ரீனுக்கே 6000 போய்விடும், அடிக்கும் செலவும் 20 ரூபாய்க்கு ஏறும் என்று வையுங்க. அப்போது சமமாகும் இடம் 400 பீஸுக்குத் தள்ளிப்போகும். ஆக முதல் பீஸுக்கும் ஆயிரமாவது பீஸுக்கும் டிஜிட்டலில் ஒரே விலை. அதுதான் அதன் பலம், பலவீனமும் அதுதான்.

உங்கள் ஆர்டர் டேபிள் வேலைங்க. புடைத்து நிற்கும் பஃப், ஃபாயில், கிளிட்டர், துணியின் சாயத்தையே எடுத்துவிடும் டிஸ்சார்ஜ் எல்லாம் இன்றும் பெரும்பாலும் ஸ்க்ரீன் வேலைதான். சாம்பிள் அஞ்சு பீஸ் அவசரமாக வேண்டும் என்றால் டிடிஜி வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்து வாங்குங்க. ஆறு மாசம் அப்படிக் கொடுத்து, மாசம் எத்தனை பீஸ் வெளியே போகிறது என்று எழுதி வையுங்க. மிஷின் வாங்குவதா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

கேள்வி (டெக்ஸ்டைல் மாணவி, கோயம்புத்தூர்): ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் சாயத்தோடு சோடா, யூரியா எல்லாம் ஒரே பேஸ்ட்டில் கலக்கிறார்கள். டிஜிட்டலில் மட்டும் துணியை ஏன் முதலில் தனியாக நனைத்துக் காய வைக்க வேண்டும் சார்?

பதில்: நல்ல கேள்வி அம்மிணி. ஸ்க்ரீன் பேஸ்ட் இட்லி மாவு பதத்தில் இருக்கும். எதைக் கலந்தாலும் தாங்கும். இங்க்ஜெட் இங்க் கிட்டத்தட்டத் தண்ணி. தலைமயிரைவிடச் சன்னமான துளை வழியாகச் சில பிக்கோலிட்டர் அளவுச் சொட்டுகளாக வெளியே வர வேண்டும். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோலிட்டர். அந்த இங்க்கில் சோடாவைக் கலந்தால், துணியோடு சேர வேண்டிய ரியாக்டிவ் சாயம் டப்பாவிலேயே தண்ணியோடு வினை புரிந்து வீணாகிவிடும். கூழாகும் எதையும் கலந்தால் துளை அடைத்துக்கொள்ளும். உப்பு சேர்ந்தால் ஹெட்டே அரித்துப்போகலாம்.

அதனால் மருந்தெல்லாம் துணிக்கு, சாயம் மட்டும் மிஷினுக்கு. பேடிங்கில் துணியை அல்ஜினேட், சோடா, யூரியா கரைசலில் முக்கிப் பிழிந்து காய வைக்கிறோம். அல்ஜினேட் கடற்பாசியில் எடுப்பது. சொட்டு விழுந்த இடத்தில் பரவாமல் பிடித்து நிறுத்தும். ஸ்டார்ச் மலிவுதான், ஆனால் ரியாக்டிவ் சாயம் துணியை விட்டுவிட்டு ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொள்ளும். யூரியா நம் வயலுக்குப் போடுகிற அதே யூரியா. ஸ்டீமரில் 102 டிகிரியில் எட்டுப் பத்து நிமிசம் துணி ஓடும்போது ஈரத்தைப் பிடித்து வைத்து, சாயம் நூலுக்குள் போக வழி செய்யும்.

மிஷினை விட்டு வரும் துணியைப் பார்த்து ஏமாந்துவிடாதே. மங்கலாக, உயிரே இல்லாமல் இருக்கும். ஸ்டீம் ஆகி, சோப்பில் அலசி வந்த பிறகுதான் கலர் எழுந்து நிற்கும். முதல் முறை பார்க்க வந்த ஒரு பையர் மிஷின் வாயிலிலேயே ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, அலசிய துணியைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் மனிதர் சிரித்தார்.

கேள்வி (ஆன்லைனில் டி-ஷர்ட் விற்பவர், சென்னை): கறுப்பு டி-ஷர்ட்டில் போட்டோ பிரிண்ட். அஞ்சு வாஷில் வெள்ளை விரிசல் விடுது, மங்கலா ஆகுது. அடிச்சுக் கொடுத்தவர் கஸ்டமர் துவைக்கிற முறை சரியில்லைன்னு சொல்றார்.

பதில்: கஸ்டமர் துவைக்கத்தான் செய்வார். கறுப்பில் கலர் தெரிய அடியில் வெள்ளை இங்க் போட வேண்டும். அது சாயமில்லை, டைட்டானியம் டையாக்சைடு தூள்; துணியின் மேல் படலமாக உட்கார்ந்திருக்கிறது. விரிசல் விடுகிறதென்றால் முதலில் க்யூரிங்கை (சூட்டில் படலத்தைக் கெட்டிப்படுத்துவதை) சந்தேகப்படுங்க. 160 டிகிரி என்று மிஷின் காட்டும். படலத்துக்கு அந்தச் சூடு ஏறியதா என்பது வேறு விசயம். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரமாக இருக்கும். ப்ரீட்ரீட்மென்ட் குறைந்தால் வெள்ளை நூலுக்குள் இறங்கிச் சாம்பலாகத் தெரியும். கூடினால் பிரிண்டைச் சுற்றிப் பெட்டி போட்ட மாதிரி கறை நிற்கும்.

மங்குவதற்குப் பாதிக் காரணம் துணியாக இருக்கலாம். மலிவான நூலில் ரோமம் அதிகம். இரண்டு வாஷில் ரோமம் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வரும், பிரிண்ட் வெளுத்த மாதிரி தெரியும். கோம்டு நூல் (குட்டை இழையைச் சீவி எடுத்தது), பயோ வாஷ் (நொதியில் ரோமம் நீக்குவது) செய்த துணி கேளுங்க. அடுத்த லாட்டில் ஒரு பீஸை ஒரு நாள் ஆறவிட்டு நீங்களே அஞ்சு முறை துவைத்து, பிரிண்டை இரண்டு கையால் இழுத்துப் பாருங்க. அடித்துக் கொடுத்தவர் முன்னாலேயே செய்யுங்க.

டிடிஎஃப் நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். அது ஃபிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் துணிக்கு ஒட்டுவது. கிட்டத்தட்ட எந்தத் துணியிலும் ஒட்டும், ப்ரீட்ரீட்மென்ட் தொல்லை இல்லை. சின்ன லோகோவுக்கு அருமை. நெஞ்சு முழுக்கப் போட்டால் மழைக்கோட்டு போட்ட மாதிரி வேர்க்கும். சென்னை வெயிலுக்கு வேண்டாம்.

கேள்வி (கபடிக் குழு, நாமக்கல்): எங்க ஜெர்சி சப்ளிமேஷன். அதையே காட்டன் பனியனில் செய்ய முடியுமா?

பதில்: முடியாது தம்பி. அந்தச் சாயம் 200 டிகிரிச் சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டருக்குள் போகும். பருத்திக்குள் போகாது, முதல் துவைப்பிலேயே கிளம்பிவிடும். வெள்ளை அல்லது வெளிர் பாலியஸ்டர் மட்டும்தான். கறுப்பு பாலியஸ்டரிலும் தெரியாது.

கேள்வி (விவசாயி, நொய்யல் கரை): டிஜிட்டல் வந்தா சாயத்தண்ணியே இருக்காதுன்னு பேப்பரில் போடுறாங்க. நம்பலாமுங்களா?

பதில்: ஐயா, நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணியைப் பார்த்த உங்களிடம் நான் பூசி மெழுக முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நானும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவன்தான்.

டிஜிட்டலில் மிச்சமாவது இதுங்க: டேபிளில் ஒரு கலர் முடிந்தால் வாளியில் மிஞ்சிய பேஸ்ட், ஸ்க்ரீனில் ஒட்டியது, ஸ்க்வீஜியில் ஒட்டியது எல்லாம் கழுவித் தண்ணியில் போகும். பத்து கலர் என்றால் பத்து வாளி. டிஜிட்டலில் தேவைப்படும் சொட்டு மட்டும் விழுவதால் அது கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ரியாக்டிவ் இங்க்கில் அடித்தால் துணியில் பிடிக்காத சாயம், அல்ஜினேட், யூரியா எல்லாவற்றையும் கடைசியில் அலசித்தான் ஆக வேண்டும். அந்தத் தண்ணி ஸ்க்ரீன் துணியை அலசிய தண்ணி மாதிரியேதான் இருக்கும், சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பெல்ட்டைக் கழுவும் தண்ணி வேறு. அலசாமல் முடிவது பிக்மென்ட் இங்க்கும் சப்ளிமேஷனும்தான். பிக்மென்ட் என்ற நிறத்தூளை பைண்டர் என்ற பசையோடு சூட்டில் ஒட்டவைத்தால் வேலை முடிந்தது. ஈரத்தில் தேய்த்தால் ரியாக்டிவ் அளவுக்கு நிற்காது என்பது அதன் குறை. 'தண்ணியே இல்லாத பிரிண்டிங்' என்று யாராவது சொன்னால் எந்த இங்க் என்று கேளுங்க.

கேள்வி (மிஷின் ஆபரேட்டர், பெருமாநல்லூர்): சிங்கிள் ஜெர்சி (பனியன் துணி) ஓட்டும்போது வெள்ளைக் கோடு விழுது. ஹெட் க்ளீனிங் கொடுத்தும் போகலை.

பதில்: கோடு ஒரே இடத்தில் நின்றால் துளை அடைப்பு. க்ளீனிங்கிலும் போகவில்லை என்றால் ஹெட் அடி வாங்கியிருக்கலாம். நான் ஒரு தடவை கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஹெட் துணிக்கு மேலே ரெண்டு மூணு மில்லிமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. ஜெர்சியின் ஓரம் சுருண்டு பாய் மாதிரி மேலே எழும்பியது. 'சர்ர்ர்' என்று ஒரு உரசல், அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் ஹெட் தட்டில் நூல் பிசிறு ஒன்று இங்க்கில் ஊறித் தொங்குகிறது. டெஸ்ட் பிரிண்டில் மெஜந்தாவில் பதினொரு கோடு காணோம். அந்த மாச லாபம் அந்த ஹெட்டுக்கே போனது.

நெய்த துணிக்கு எழுதிய பாடம் பனியன் துணிக்குப் பொருந்தாது. ஸ்டென்டரில் (துணியை அகலமாக இழுத்துக் காய வைக்கும் மிஷின்) ஓரத்துக்குக் கம் (பசை) போட்டுத் தரச் சொல்லுங்க. பெல்ட் பசை காய்ந்திருந்தால் துணி ஒட்டாது, புது கோட் அடியுங்க. இழுத்து ஒட்டினால் பிரிண்ட் முடிந்ததும் துணி சுருங்கி வட்டம் முட்டையாகிவிடும். இன்னொன்று, ஆடிக் காற்று. ஜன்னலைத் திறந்து வைத்தால் பஞ்சும் புழுதியும் நேராக ஹெட்டுக்கு வரும். சித்திரையில் ரூம் காய்ந்துபோகும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்க.

கேள்வி (சேலைக் கடை, மதுரை): சுங்குடிப் புள்ளியை டிஜிட்டலில் அடித்தால் முடிச்சுப் போட்டது மாதிரியே வருமா?

பதில்: கண்ணுக்கு வரும்ங்க அக்கா. சேலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்: டிஜிட்டல் இங்க் மேல் பக்கத்திலேயே நிற்கிறது, பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். முடிச்சுக் கட்டி முக்கிய துணியில் சாயம் இரண்டு பக்கமும் இருக்கும், முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்து விரலில் தட்டும். முந்தானை திரும்பும் சேலைக்கு அது பெரிய குறை. அடித்து விற்பது உங்கள் இஷ்டம். சுங்குடி டிசைன் பிரிண்ட் என்று சொல்லி விற்றால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி (ரோட்டரி யூனிட், ஈரோடு): அப்பா காலத்து ரோட்டரி. ஸ்க்ரீன் செத்துப்போகுமா?

பதில்: 1963-ல் உருளை ஸ்க்ரீன் சுழலும் ரோட்டரி வந்தபோதே கை டேபிள் செத்தது என்றார்கள். என் ஷெட்டில் இன்னும் இருக்கிறது. 2003-ல் பர்மிங்ஹாம் இட்மா ஜவுளி மிஷின் கண்காட்சியில் தொழிற்சாலை அளவு டிஜிட்டல் மிஷின்கள் வந்தன. 2011 பார்சிலோனா இட்மாவில் ஹெட் அசையாமல் நிற்க, துணி மட்டும் ஓடும் சிங்கிள் பாஸ் வந்தது. வேகத்தில் அது ரோட்டரிக்குச் சவால்தான். ஆனால் ஒரே டிசைன் பத்தாயிரம் மீட்டர் என்றால் ரோட்டரிக்கு விலையில் இன்னும் போட்டி இல்லை. உங்கள் ஆர்டர் 500 மீட்டர், 300 மீட்டர் என்று சிறுத்துக்கொண்டே வருகிறதா? அப்படியென்றால் யோசியுங்க.

கேள்வி (புதிதாகத் தொடங்குபவர், பல்லடம்): செகண்ட் ஹேண்ட் டிடிஜி ஒண்ணு பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா அண்ணா?

பதில்: போய்ப் பார்க்கும்போது அவர்கள் அடித்து வைத்த அழகான சாம்பிளைப் பார்க்காதே தம்பி. சொல்லாமல் கொள்ளாமல் திங்கட்கிழமை காலை போ, மிஷின் ஞாயிறு முழுக்கச் சும்மா நின்றிருக்கும். முதல் வேலையாக நாசில் செக் (எல்லாத் துளையிலும் இங்க் வருகிறதா என்ற சோதனை) எடுக்கச் சொல், குறிப்பாக வெள்ளையில். வெள்ளைத் தூள் கனமானது, சும்மா நின்றால் அடியில் தங்கும், டியூபிலேயே கட்டியாகும். எனக்கு விற்ற டீலர் எல்லாம் பக்கா என்றார். பொங்கலுக்கு நாலு நாள் மூடிவிட்டு வந்து பார்த்தால் வெள்ளை வரவே இல்லை. இப்போது பண்டிகை நாளிலும் காலையில் ஒருத்தர் வந்து மிஷினை ஆன் செய்து, ஒரு டெஸ்ட் அடித்து, மூடிவிட்டுப் போகிறோம். பெரும்பாலும் அந்த ஒருத்தர் நான்தான். அதற்கு உன்னால் முடியும் என்றால் விலை பேசு.