போக்கரில் எந்தத் தொடக்கக் கை நல்லது என்று கணினி சிமுலேஷன் சொல்லிவிடுமா?

சொல்லும். ஆனால் நீங்கள் என்ன கேட்டீர்களோ அதற்கு மட்டும்தான் சொல்லும். ஓய்வு நேரத்தில் பைத்தான் நிரல்மொழியில் நானே ஒன்று எழுதிப் பார்த்ததில் கற்றுக்கொண்டது இது.

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டு சீட்டு (இதுதான் தொடக்கக் கை), மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒருவர் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால், எதிராளிக்கு 1,225 கைகள் சாத்தியம். அவை ஒவ்வொன்றுக்கும் மேசையில் ஐந்து சீட்டு விழ 17,12,304 வழிகள். மொத்தம் சுமார் 210 கோடி ஆட்டங்கள். அத்தனையையும் ஓட்டாமல், சீட்டைக் கலைத்துப் போட்டு சில லட்சம் ஆட்டங்களை மட்டும் ஆடி எண்ணுவதுதான் மான்டே கார்லோ முறை. இந்த யோசனையே சீட்டாட்டத்தில் பிறந்ததுதான். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாக சாலிட்டேர் ஆடும்போது அது முடியும் வாய்ப்பைக் கணக்குப் போட முயன்றார். முடியவில்லை, நூறு முறை ஆடி எண்ணிவிடலாமே என்று தோன்றியது.

பத்தாயிரம் ஆட்டம் ஓட்டினால் விடை ஒரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். பத்து லட்சம் ஓட்டினால் அது 0.1 ஆகச் சுருங்கும். இது போதும்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். தொடக்கக் கைகள் 169 வகை என்று எங்கும் எழுதியிருக்கும். எதிராளியின் கையை அந்த 169இலிருந்து ஒன்றாக எடுக்கும்படி நிரலை எழுதிவிட்டேன். 13 ஆட்டத்துக்கு ஒரு முறை எதிராளிக்கு ஜோடி வந்தது. உண்மையில் 17க்கு ஒரு முறைதான் வரவேண்டும். காரணம், ஒரு ஜோடி அமைய 6 வழி, ஒரே இனத்தில் (ஸ்பேட், ஹார்ட் போல) இரண்டு சீட்டு அமைய 4 வழி, வெவ்வேறு இனத்தில் அமைய 12 வழி. 169 வகைக்கும் இந்த வழிகளையெல்லாம் கூட்டினால் 1,326. எடுக்கவேண்டியது அந்த 1,326இலிருந்து. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பிழையோடும் நிரல் ஓடும், எண்ணும் நம்பும்படிதான் வரும். அதனால் தெரிந்த ஒரு விடையோடு ஒத்துப்பார்க்காமல் மேலே போகாதீர்கள். ஏஸ் ஜோடிக்கு, ஏதோ ஒரு கைக்கு எதிராக, சுமார் 85 சதவீத வெற்றி வரவேண்டும். சமனில் முடிந்தால் ஆளுக்குப் பாதி என்று எண்ணவும் மறக்காதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். வெவ்வேறு இனத்து ராஜா–9 கைக்கு, யாரென்றே தெரியாத எதிராளியிடம் சுமார் 60 சதவீதம் வருகிறது. ஒரே இனத்து ஜாக்–10 கைக்கு 57 சொச்சம். அப்படியென்றால் ராஜா–9தான் மேல் என்று தோன்றும். ஆனால் ஒருவர் முன்னதாகவே பணத்தை உயர்த்தினால் அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு இருக்காது. ஏஸ்–ராஜா இருக்கிறதென்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ராஜா–9 சுமார் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் மேசையில் ராஜா விழுந்தாலும் எதிராளியின் ஏஸ் அதை அடித்துவிடும். ஜாக்–10 மட்டும் 40ஐ ஒட்டி நிற்கும். தரவரிசையே தலைகீழ்.

அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது இது: 2 ஜோடி (அதாவது கையில் இரண்டு 2 சீட்டு), வெவ்வேறு இனத்து ஏஸ்–ராஜாவைவிட மயிரிழை முன்னே நிற்கிறது. ஏஸ்–ராஜா, ஒரே இனத்து ஜாக்–10ஐத் தெளிவாக வெல்கிறது. ஆனால் அந்த ஜாக்–10, 2 ஜோடியை வெல்கிறது! மேசையிலேயே பெரிய ஜோடிகள் இரண்டு விழுந்தால் 2 ஜோடி செல்லாக்காசு ஆகிவிடும்; ஜாக்–10க்கோ வரிசையும் அமையலாம், ஐந்தும் ஒரே இனமாகவும் அமையலாம். ஆகவே 'எல்லாருக்கும் எதிராக நல்ல கை' என்று ஒரே பட்டியல் போட முடியாது. ஆட்களின் எண்ணிக்கையும் மாற்றும்: ஒன்பது பேருக்கு எதிராக அதே ஏஸ் ஜோடி சுமார் 31 சதவீதம்தான் வெல்லும்.

அப்புறம், இந்த நிரலில் யாரும் கையை மடக்குவதில்லை. ஐந்து சீட்டும் விழும்வரை எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜ ஆட்டத்தில் பந்தயம் ஏறும்போது பாதியில் விலகவேண்டிவரும், பந்தயத்தில் யார் முதலில் முடிவெடுப்பது என்பதும் கணக்கில் வரும். அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமென்றால் நிரல் தன்னோடு தானே பந்தயம் கட்டி ஆடிக் கற்கவேண்டும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளியான சீஃபியஸ் என்ற நிரல் அப்படிப்பட்டது. இருவர் ஆடும், பந்தயத்துக்கு வரம்புள்ள ஹோல்டெமை அது ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவிட்டது. வீட்டுக் கணினியில் அந்த அளவு முடியாது. நீங்கள் எதிராளிக்கு ஏதோ ஒரு கை என்பதை எடுத்துவிட்டு, அவர் எந்தெந்தக் கைகளை ஆடுவார் என்று ஒரு பட்டியல் கொடுத்து ஓட்டுங்கள். முதல் வாரத்துக்கு அதுவே நிறைய வேலை வைக்கும்.